தானே கேட் சாத்திக்கொள்ளும் ரயில்

ஜூன் 3, திங்கள்

கீழமருதூர் சந்திப்பு, ரயில்வே தங்கும் அறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை.

எதற்காக என்னை இங்கே அனுப்பினார்கள் என்று முதலில் எழுதிவைக்கிறேன். இங்கிருந்து கடற்கரைப் பக்கம் சேதுவாய்க்கால் வரை நூற்று நாற்பது கிலோமீட்டர் கிளைப்பாதை. வெள்ளைக்காரன் உப்பும் நெல்லும் ஏற்றப் போட்டது. மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று பதினொரு வருஷம் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். போன வருஷம்தான் மறுபடி விட்டார்கள். ஒரே ஒரு டீசல் வண்டி. காலை ஆறுக்கு இங்கிருந்து போகும், மதியம் இரண்டே காலுக்கு அங்கிருந்து திரும்பும். ஒரு வழிக்கு ஆறு மணி நேரம். புதுத் தண்டவாளம், புது வண்டி, கட்டைவண்டி வேகம்.

காரணம் கேட்டுகள். அறுபத்தெட்டு இடத்தில் சாலை குறுக்கே போகிறது. பாதை போடப் பணம் வந்தது, கேட்டுக்கு ஆள் போட உத்தரவு வரவில்லை. அதனால் இரண்டு கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றி அனுப்புகிறார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப்போய்க் கேட்டைச் சாத்திப் பூட்டிப் பச்சைக்கொடி காட்டி ஏறிக்கொள்வார். ரயில் கடந்துபோய் மறுபடி நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். அறுபத்தெட்டு தடவை.

ராமபத்ரன் சார், ரயில்வே கோட்ட அலுவலகத்தில் என் மேலதிகாரி, ஒரு மாசம் கொடுத்திருக்கிறார். பயண நேரத்தை ஐந்து மணிக்குக் கொண்டுவர வழி உண்டா என்று பார்க்க வேண்டும். முடியாது என்றால் முடியாது என்று எழுத வேண்டும், ஜூலை முதல் தேதியோடு இந்த வண்டியை எடுத்து வேறு பாதையில் விட்டுவிடுவார்கள். அறிக்கை போனதும் எனக்குச் சென்னைக்கு மாற்றல்.

என் கருத்து இப்போதே தயார். எடுத்துவிட வேண்டியதுதான்.

ஜூன் 4, செவ்வாய்

போய்த் திரும்பினேன். முதுகு இல்லை.

முன்னால் கேட் சாத்துபவர் பக்கிரிசாமி. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஒப்பந்தத்தில் வந்தவர். மீசை மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. பின்னால் திறப்பவர் ஜெயக்கொடி, முப்பது வயதுக்குள். அதே ஒப்பந்தம்தான். டிரைவர் தேவசகாயம் நாகர்கோவில்காரர், ஒவ்வொரு கேட்டிலும் நிறுத்தும்போது பெருமூச்சு விடுகிறார், பிரேக் சத்தமும் அவர் சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது.

பயணிகள் நாற்பது பேர்கூட இல்லை. ஏன் என்பதும் புரிந்தது. சென்னை எக்ஸ்பிரஸ் கீழமருதூரிலிருந்து இரவு எட்டுக்குக் கிளம்புகிறது. நம் வண்டி வந்து சேருவது எட்டே கால். சென்னைக்குப் போகிறவன் எவன் இதில் ஏறுவான்? பெட்டிகளோடு ஒரு குடும்பம் எக்ஸ்பிரஸ் போய்விட்ட காலி நடைமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த அப்பா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். எழுதத் தகுந்ததல்ல.

ஜூன் 6, வியாழன்

திட்டம் போட்டுக் கொடுத்தேன். ரயில் முழுதாக நிற்கும்முன் முன்னவர் இறங்கத் தயாராகப் படியில் நிற்க வேண்டும். பின்னவர் கடைசிப் பெட்டியின் கடைசிக் கதவைவிட்டு நகரக் கூடாது. வழியில் யாரோடும் பேச்சு கூடாது.

பக்கிரிசாமி சல்யூட் அடித்தார். "பேச்சு கூடாதுன்னா ஆட்டுக்காரன்கிட்ட ஆட்டை ஓட்டுன்னு எப்படி சார் சொல்றது? கடுதாசி போடவா?" என்று கேட்டார். ஜெயக்கொடி சிரிப்பை அடக்க வெளியே பார்த்தார்.

ஜூன் 7, வெள்ளி

எட்டு பதினொன்று. நாலு நிமிஷம் மிச்சம். பிரமாதம்.

ஜூன் 10, திங்கள்

சேதுவாய்க்காலில் வண்டி நிற்கும்போது எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. ஐந்து மணி நேரமாகவில்லை என்றால் இந்த மாதத்தோடு வண்டி கிடையாது, ஒப்பந்தமும் கிடையாது என்றேன்.

தேவசகாயத்துக்குக் கவலை இல்லை, அவருக்கு வேறு வண்டி கிடைக்கும். ஜெயக்கொடி தன் டிபன் டப்பாவை மூடினார். பாதி சாப்பாடு உள்ளேயே இருந்தது. இந்த வேலை கிடைத்த தைரியத்தில்தான் கணவன் வீட்டைவிட்டுத் தனியாக வந்து வீடு பார்த்திருக்கிறாராம், வண்டியின் கார்டு பிறகு சொன்னார். எனக்கு அது தேவையில்லாத தகவல்.

பக்கிரிசாமி மட்டும் கேட்டார். "எவ்வளவு சார் கொறையணும்?"

ஒரு மணி நேரம் என்றேன்.

"அவ்வளவுதானா?"

ஜூன் 12, புதன்

நேற்று சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலில் ஏறவில்லை. அறையிலேயே கிடந்தேன்.

மாலை ஏழு இருபதுக்கு ஹாரன் சத்தம். சரக்கு வண்டி என்று நினைத்தேன். ஜன்னலில் பார்த்தால் நம் வண்டி. ஏழு இருபது! கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரிதான்.

கேட்டதற்கு, "உங்க திட்டம்தான் சார்" என்றார் பக்கிரிசாமி. பழக இரண்டு மூன்று நாள் ஆகுமே, ஆகிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

நேரில் பார்க்கலாம் என்று ஏறினேன். எட்டு பத்து. எல்லாம் பழைய கதை. எல்லாக் கேட்டிலும் இரண்டு தடவை நின்றது.

ஜூன் 14, வெள்ளி

கோட்டத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்ப வேண்டியிருந்ததால் ஏறவில்லை. ஏழு பதினைந்து.

ஜூன் 15, சனி

யோசித்தேன், புரிந்துவிட்டது. அளக்கிற கருவியே அளவைக் கெடுக்கும் என்று கல்லூரி முதல் வருஷத்திலேயே படித்தது. நான் வண்டியில் இருந்தால் இவர்கள் பதறுகிறார்கள், விதிப் புத்தகத்தை வரி வரியாகச் செய்துகாட்டுகிறார்கள். நான் இல்லாதபோது இயல்பாக, சுறுசுறுப்பாக இருக்கிறார்கள். எனவே இனி நான் ஏறப்போவதில்லை. கார்டு எழுதித் தரும் நேரமே போதும்.

இதைச் சொன்னபோது பக்கிரிசாமி, "ரொம்பச் சரி சார், வெயில்ல நீங்க எதுக்கு அலையணும்" என்றார். ஜெயக்கொடி ஒரு தாமரை இலையில் நுங்கு கொடுத்தார். மரியாதை தெரிந்தவர்கள்.

ஜூன் 18, செவ்வாய்

ஏழு பன்னிரண்டு. எக்ஸ்பிரஸுக்கு மாற எழுபது பேர் படிக்கட்டுப் பாலத்தில் ஏறினார்கள். யாரும் ஓடவில்லை. ஒருவர் நடுவில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டார்.

ஜூன் 20, வியாழன்

ராமபத்ரன் சாரே போன் செய்தார். அவர் இதுவரை என்னை 'நிரஞ்சன்' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இன்று கூப்பிட்டார். என் புள்ளிவிவரத்தை வைத்து ஜூலை ஒன்றிலிருந்து ஐந்து மணி நேர அட்டவணை அச்சுக்குப் போய்விட்டதாம். மாற்றல் உத்தரவும் கையெழுத்தாகிவிட்டது.

நல்லபடியாக முடிந்தது. பெட்டியில் பாதித் துணியை எடுத்து வைத்தேன்.

ஜூன் 21, வெள்ளி

நெய்க்குன்னத்தில் ஒரு கேட்டின் சுழற்று கைப்பிடி இறுகிவிட்டது என்று புகார். காலையில் பேருந்தில் போய்ப் பார்த்தேன், எண்ணெய் போட்டால் சரியாகிற விஷயம். மாலையில் நம் வண்டி வந்ததும் நெய்க்குன்னம் நிறுத்தத்தில் நடுப்பெட்டியில் ஏறினேன். நான் ஏறியது யாருக்கும் தெரியாது.

முதல் கேட் வந்தது. வண்டி நிற்கவில்லை. வேகம் குறைந்தது, அவ்வளவுதான். ஜன்னலில் பார்த்தேன். கேட் சாத்தியிருந்தது. பக்கத்தில் லுங்கி கட்டிய ஒரு ஆள் பச்சை ரவிக்கைத் துணியை ஒரு குச்சியில் கட்டிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். ஜன்னலோரப் பயணிகள் கை காட்டினார்கள். அவர் கை காட்டவில்லை, பணியில் இருந்தார். வண்டி கடந்ததும் அவரே கேட்டைத் திறந்தார்.

இரண்டாவதில் ஒரு பெண். இடுப்பில் தண்ணீர்க் குடம், கையில் பச்சைத்துணி.

மூன்றாவது கேட்டில் பிரேக் அடித்த அடியில் நான் எதிர் இருக்கைமேல் விழுந்தேன். தலையில் கருவாட்டுக் கூடை. இறங்கி ஓடிப் பார்த்தால், ஒரு பக்கக் கேட் சாத்தியிருந்தது, மறுபக்கம் பாதியில் தொங்கியது, நடுவில் தண்டவாளத்தின்மேல் தேங்காய் ஏற்றிய டிராக்டர். எஞ்சின் மூக்குக்கும் டிராக்டர் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவுதான் இடம். டிராக்டர்காரன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேட்டின் பொறுப்பு டீக்கடை நாடிமுத்துவுக்காம். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். மைத்துனனிடம் சாவியைக் கொடுத்திருக்கிறார். மைத்துனன் ஒரு பக்கம் சாத்திவிட்டான், மறுபக்கம் சாத்துவதற்குள் ரயில் வந்துவிட்டது. ரயில் தாமதமாகிவிடக் கூடாதே என்று பச்சைத்துணியை ஆட்டிவிட்டான்.

பயணிகள் இறங்கித் தேங்காய் பொறுக்கினார்கள்.

ஜூன் 22, சனி

பக்கிரிசாமி எதையும் மறைக்கவில்லை. எல்லாக் கேட்டுக்கும் ஒரே சாவிதான். அதைக் கொடுத்து பஜாரில் இருபத்திரண்டு சாவி வெட்டியிருக்கிறார். கேட் பக்கத்திலேயே வீடோ கடையோ இருக்கிற ஆளாகப் பார்த்து ஆளுக்கு ஒன்று. பச்சைத்துணியும் அவர் வாங்கியதுதான். சாவி கொடுத்த கையோடு அங்கேயே கொடி பிடிக்கவும் கற்றுக்கொடுத்தாராம். நான் வண்டியில் இருக்கிற நாளில் மட்டும் யாரும் கேட் பக்கம் வரக் கூடாது என்று ஏற்பாடு.

கத்தினேன். விளக்கம் கேட்டுக் கத்தவில்லை, சும்மாதான் கத்தினேன்.

அவர் முடியும்வரை காத்திருந்து சொன்னார். "ஒரு மணி நேரம் கொறையணும்னு நீங்கதான சார் சொன்னீங்க. எப்படின்னு நீங்க கேக்கல."

தேவசகாயம் தரையைப் பார்த்தபடி, "நான் கேட்டிருக்கணும். எனக்குக் கொடி தெரிஞ்சுது, ஆளத் தெரியல்ல. பிரேக்கு பிடிச்சதினால பொழச்சோம்" என்றார். அதற்குமேல் பெருமூச்சுகூட விடவில்லை.

அவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு என் கணக்கையும் பார்த்தேன். கருவி அளவைக் கெடுக்கிறது என்று எழுதிய பக்கம். படித்தேன். மூடிவைத்தேன்.

ஜூன் 24, திங்கள்

இன்று நானே முன்னால் ஏறிச் சாவிகளைத் திரும்ப வாங்கினேன். இருபத்திரண்டு இடத்திலும் இறங்கினேன். எட்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். எக்ஸ்பிரஸுக்கு வந்தவர்களிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன், பேருந்து நிலையத்துக்கு வழி காட்டினேன்.

சிலர் சாவியைக் கேட்டதும் விட்டால் போதும் என்று கொடுத்தார்கள். குடம் வைத்திருந்த பெண் துணியையும் துவைத்து மடித்துக் கொடுத்தார்.

நாடிமுத்து கொடுக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டே பேசினார். தான் இருந்திருந்தால் ஒழுங்காகச் சாத்தியிருப்பேன், மைத்துனன் செய்ததற்குத் தன் சாவியைக் கேட்பது என்ன நியாயம் என்றார். ரயில்வே சொத்து என்றேன்.

"பதினோரு வருசம் எம் மவ சென்னைலேர்ந்து ஊருக்கு வரதுக்கு மூணு பஸ்ஸு மாறுனா. இப்பத்தான் ஒரே டிக்கெட்ல வந்து எறங்குனா. நீங்க வண்டிய நிப்பாட்டுங்க, நிப்பாட்டாம போங்க. நான் தெனம் சாத்துவேன்."

"ரயில் வராமலேயா?"

"வரட்டும்னு சாத்துவேன்."

போலீஸைக் கூப்பிடலாம். வண்டி நின்றுகொண்டிருந்தது, பயணிகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிவிட்டேன். இருபத்தொரு சாவி.

ஜூன் 25, செவ்வாய்

சேதுவாய்க்காலில் இரண்டே கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் தூங்குவேன், இன்று தூக்கம் வரவில்லை. எதற்காக இங்கே இவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று முதல் தடவையாகக் கேட்டேன். நிலைய அதிகாரிக்குத் தெரியவில்லை. அட்டவணையில் அப்படித்தான் இருக்கிறது என்றார்.

நடைமேடைக்குப் பின்னால் புதருக்குள் போய்ப் பார்த்தேன். எஞ்சினைத் திருப்புகிற பழைய வட்டக்குழி, அதற்குள் ஒரு பூவரச மரம். தண்ணீர்த் தொட்டியின் தூண்கள். அப்போதுதான் உறைத்தது. கரி எஞ்சின் காலத்தில் சாம்பல் கொட்ட, தண்ணீர் பிடிக்க, எஞ்சினைத் திருப்ப, திரும்ப மாட்ட இரண்டே கால் மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளியை மீட்டர் கேஜ் டீசலுக்கும் அப்படியே வைத்தார்கள். அகலப்பாதை வந்தபிறகும் பழைய அட்டவணையின் மேல்தான் புதியதை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வண்டிக்கு இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை உண்டு. திருப்ப ஒன்றும் இல்லை. பணியாளர் சாப்பாட்டுக்கும் சோதனைக்கும் ஒன்றரை மணி நேரம் தாராளம்.

இரண்டே காலுக்குப் பதில் ஒன்றரைக்குக் கிளம்பினால், அறுபத்தெட்டு கேட்டிலும் முறைப்படி நின்று, ஏழரைக்கு வந்துவிடலாம். எக்ஸ்பிரஸுக்கு அரை மணி நேரம் மிச்சம்.

மூன்று வாரமாக நிமிஷத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். எவனாவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஜூன் 26, புதன்

ராமபத்ரன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் என் சம்பளத்தைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் சில வார்த்தைகள். பிறகு ஒன்றரை மணி யோசனையைக் கேட்டார். "நல்லாருக்கு. இதை மட்டும் எழுது. பழைய புள்ளிவிவரம் தவறுன்னு ஒரு வரி. சாவி பேச்சே வேண்டாம். வண்டியும் ஓடும், உன் மாற்றலும் நிற்காது."

அப்படியே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு சாவி வெளியே இருக்கிறது. நாடிமுத்து தினமும் கேட்டைச் சாத்துவார், அவர் இல்லாத நாளில் இன்னொரு மைத்துனன் சாத்துவான். அந்தச் சாவியை வைத்து இன்னும் எத்தனை வெட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. அறுபத்தெட்டு பூட்டையும் மாற்ற வேண்டும். பூட்டு மாற்றக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் யார் என்று எழுத வேண்டும்.

மறுபடி போன் செய்து இதைச் சொன்னேன். "யார் பேரை எழுதப் போறே?" என்றார். செய்தவர்கள் பெயரைத்தான் என்றேன். என் பெயரையும் சேர்த்து. நகலைப் பாதுகாப்புப் பிரிவுக்கும் அனுப்பிவிட்டேன் என்றதும் போனை வைத்துவிட்டார்.

ஜூன் 28, வெள்ளி

விசாரணைக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். தேவசகாயம் மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது. சரிபார்க்காத புள்ளிவிவரம் அனுப்பியதற்கு எனக்கு எச்சரிக்கை, மாற்றல் ரத்து. பக்கிரிசாமியின் ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது.

சாவி விஷயம் ஜெயக்கொடிக்குத் தெரியாது என்று பக்கிரிசாமி வாக்குமூலம் கொடுத்தார். முன்னால் நடந்தது பின்னால் இருக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். இருபத்திரண்டு இடத்தில் அந்தப் பெண் இறங்காமலேயே பின்னால் கேட்டைத் திறந்தது யார் என்று விசாரித்தவர்கள் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது என் வேலை அல்ல.

சீருடையை ஒப்படைத்துவிட்டு வந்தவர் என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "வண்டி நிக்காதுல்ல சார்?"

நிற்காது என்றேன்.

"அப்ப சரி. ஆனா எம்பேர நீங்க எழுதாம இருந்திருக்கலாம்."

எழுதாமல் இருக்க முடியாது என்று பூட்டுக் கணக்கை விளக்கினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

ஜூலை 1, திங்கள்

அச்சான அட்டவணைமேல் திருத்தச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. ஒன்றரைக்குக் கிளம்பினோம். அறுபத்தெட்டு கேட்டிலும் புதுப் பூட்டு. நாடிமுத்துவின் கேட்டில் கேட் ஏற்கனவே சாத்தியிருந்தது. பூட்டுத்தான் மாறிவிட்டதே, இரண்டு பக்கமும் தென்னங்கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்க்கப் புது ஆளுக்கு நேரம் பிடித்தது. நான் இறங்கிக் கூடப் பிடித்தேன். நாளைக்கும் கட்டுவீர்களா என்று கேட்டேன். நாளைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

பக்கிரிசாமி இன்று பயணி. சேதுவாய்க்காலில் ராணுவத் தகரப்பெட்டியோடு ஏறினார். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலர் வேலையாம். டிக்கெட்டை நான் கேட்காமலேயே எடுத்துக் காட்டினார். நடுப்பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். கேட்டுகளில் வண்டி நின்றபோது எழுந்திருக்கவில்லை, வெளியே பார்க்கவும் இல்லை. நான் நாலைந்து தடவை அந்தப் பெட்டி வழியாகப் போக வேண்டியிருந்தது, வேலையாக.

கீழமருதூருக்கு ஏழு இருபத்தெட்டுக்கு வந்தோம். நூற்றுக்கும் மேல் கூட்டம் பாலத்தில் ஏறியது. ஜெயக்கொடி கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்து, பக்கிரிசாமியின் தகரப்பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார். இன்னொன்றை நான் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"தூக்குங்க" என்றார்.

நல்ல கனம். பாலத்தின் உச்சியில் நிறுத்தி மூச்சு வாங்கினோம். கீழே எக்ஸ்பிரஸ் வந்து நின்றிருந்தது. பெட்டியை உள்ளே ஏற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினேன். ஜன்னலில் எதையாவது சொல்வார் என்று நின்றேன். ஜெயக்கொடியிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, புது ஆள் கேட்டைச் சாத்தும்போது சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், திருத்துங்கள் என்றார்.

நானும் கவனித்திருந்தேன். நாளை காலை சொல்ல வேண்டும். ஆறு மணி வண்டி.